பவானிசாகர் அணைமீன் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இலை போட ஆரம்பித்துவிட்டால் எங்களுக்கு நின்று பேச நேரம் கிடைப்பதில்லை. சாப்பிட வருகிறவர்களோ மீனைப் பற்றியும் அணையைப் பற்றியும் கடையின் பழங்கதையைப் பற்றியும் ஆவலோடு கேட்கிறார்கள். பாதி பதிலோடு அவர்களை அனுப்ப மனம் வருவதில்லை. அதனால்தான் முழுப் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கடையைத் தொடங்கியது யார்?

என் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர். ஆனால் கடைக்கு முன்னால் அணையைச் சொல்ல வேண்டும். கீழ்பவானித் திட்டத்தின் வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. நாடு விடுதலை பெற்ற உடனே கையில் எடுக்கப்பட்ட பெரிய பாசனத் திட்டங்களில் இது ஒன்று. பவானியும் மாயாறும் கூடும் இடத்துக்குக் கீழே எட்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மண் அணை எழுந்தது. மண் வெட்டவும் சுமக்கவும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அப்படி மண் வேலைக்கு வந்தவர் எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா. அவரோடு வந்த அம்மிச்சி, வேலையாட்களுக்குக் களியும் குழம்பும் ஆக்கிப் போட்டார். அப்போது மீன் பெரிதாகக் கிடையாது. கொள்ளுப் பருப்பும் கீரைக் கடைசலும்தான் தினப்படிச் சாப்பாடு. என்றைக்காவது ஆற்றுக்கெண்டை அகப்பட்டால் அன்று பந்தியில் ஆட்கள் கூடுதலாக உட்காருவார்களாம்.

வேலை முடிந்ததும் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இவர்களுக்குத் திரும்பிப் போக நிலம் இல்லை. தேங்கிய தண்ணீரில் மீன் பெருகியது, பரிசல்காரர்கள் வந்தார்கள். அதிகாலையில் வலை எடுத்துவிட்டுப் பசியோடு கரையேறுகிற அவர்களுக்குச் சுடச்சுடக் களியும் மீன் குழம்பும் கொடுத்ததுதான் கடையின் தொடக்கம். பலகையும் இல்லை, பெயரும் இல்லை. சுற்றுலா வருகிறவர்களுக்கான மீன் வறுவல் எல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

கடை ஏன் மகள் வழியாகவே வந்திருக்கிறது?

அடுப்பு யார் கையில் இருந்ததோ அவர் கைக்குக் கடையும் போனது. அம்மிச்சிக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு நான். என் மாமாக்கள் மூவரும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். கைப்பக்குவம் அம்மாவிடம்தான் இருந்தது. அப்பா காலையில் மீன் எடுத்து வருவார், வெட்டித் தருவார், கணக்குப் பார்ப்பார். இப்போது என் கணவர் அதையே செய்கிறார். கொங்கு நாட்டுச் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் இப்படிப் பெண்கள் கையில் நிலைத்து நின்றவை நிறைய உண்டு. பலகையில் மட்டும் ஆண் பெயர் இருக்கும். எங்கள் கடைப் பலகையை மாற்றி எழுதியபோது அம்மிச்சியின் படத்தை வைத்தோம். அது அவருக்கு நாங்கள் பட்டிருந்த கடன்.

அணைக்கு முன்பு இந்த ஆற்றில் என்ன மீன்கள் இருந்தன? கட்லாவும் ரோகுவும் இங்கே பிறந்தவையா?

இல்லை. கெண்டை வகைகள், கெளுத்தி, விரால், ஆரால், வாளை ஆகியவைதான் நம் ஆற்று மீன்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கைச் சமவெளியில் பேர்பெற்றவை. அணைக்கட்டுகளில் குஞ்சு விட்டு வளர்த்ததால் இங்கே பெருகின.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. இந்தக் கெண்டைகள் தேங்கிய தண்ணீரில் எளிதில் முட்டையிடாது. மழைக்காலத்தில் புதுவெள்ளம் ஓடும் ஆறு அவற்றுக்கு வேண்டும். அதனால் ஒரு காலத்தில் ஆறுகளில் குஞ்சு சேகரித்து வந்துதான் குளங்களிலும் அணைகளிலும் விட்டார்கள். ஹீராலால் சவுத்ரி என்ற அறிவியலாளர் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் சுரப்பி நீரை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்து காட்டினார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க முடிந்ததால்தான் ஆண்டுதோறும் அணையில் குஞ்சு விடுவது நடைமுறை ஆனது. எங்கள் சட்டியில் வேகும் கட்லாத் தலைக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் நேரான தொடர்பு இருக்கிறது. சாப்பிடுகிறவர்களிடம் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஜிலேபி மீன் நல்ல மீன்தானா? மட்டமான மீன் என்கிறார்களே?

அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலேப்பியா. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தேங்கிய தண்ணீரிலேயே கூடு கட்டி, முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிற மீன் அது. யாரும் குஞ்சு விட வேண்டியதில்லை. உடுமலைப் பக்கம் அமராவதி அணையில் இந்த மீன் மற்றவற்றை மிஞ்சிப் பெருகியது. நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொள்கிறது என்பதும் உண்மைதான்.

சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கை அகல மீனாக எடுத்து, இரண்டு பக்கமும் கீறி, முழுதாகவே கல்லில் போட்டு வறுத்தால் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவே வெண்மையாகவும் வரும். முள் குறைவு என்பதால் குழந்தைகளுக்கு இதைத்தான் கொடுக்கச் சொல்வேன். விலையும் குறைவு. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் ஒன்று நாலு பேராக வந்து நிறைவாகச் சாப்பிட்டுப் போக முடிகிறது என்றால் அது ஜிலேபியால்தான். அதை மட்டம் என்று சொல்ல நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன்.

மீனை யாரிடமிருந்து வாங்குகிறீர்கள்? நீங்களே பிடிக்கிறீர்களா?

அணையில் யார் வேண்டுமானாலும் வலை போட முடியாது. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருக்கும் நீர்த்தேக்கங்களில் பவானிசாகரும் ஒன்று. ஆழியாறு, அமராவதி, திருமூர்த்தி அணைகளும் அப்படித்தான். கழகமே பிடித்து விற்ற காலமும் உண்டு, குத்தகைக்கு விட்ட காலமும் உண்டு. எப்படி இருந்தாலும் பிடிபட்ட மீன் முதலில் எடைமேடைக்கு வர வேண்டும். அங்கிருந்துதான் எங்களைப் போன்ற கடைகளுக்கு வரும்.

பரிசல்காரர்கள் மாலையில் செவுள் வலையை விரித்துவிட்டு வருவார்கள். விடிவதற்கு முன் போய் எடுப்பார்கள். காற்று எழும்பினால் நடுத்தேக்கத்தில் அலை அடிக்கும். அடி தட்டையான பரிசலில் வலை நிறைய மீனோடு அந்த அலையில் திரும்புவது லேசான காரியமில்லை. தட்டில் இருக்கும் துண்டுக்கு விலை அதிகம் என்று தோன்றுகிறவர்கள் ஒரு நாள் காலையில் வந்து அவர்கள் கரையேறுவதைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

போன மாதம் பெரிய கட்லா கிடைத்தது, இந்த மாதம் இல்லை என்கிறீர்கள். ஏன்?

எல்லாம் நீர்மட்டத்தைப் பொறுத்தது. அணையின் முழு நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி., அதாவது 3,280 கோடி கன அடி. தென்மேற்குப் பருவமழை நீலகிரியிலும் கேரள மலைகளிலும் வலுத்தால் பவானியும் மாயாறும் செந்நீராக வந்து சேரும். நீர் பரந்து விரிந்ததும் மீனும் பரவிவிடும். வலையில் விழுவது குறைந்துபோகும். வெள்ளம் அடித்து வரும் மரமும் முள்ளும் வலையைக் கிழித்துவிடும். புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறிப்போகிற மீன்கள் மாயாறு வாய்ப்பக்கம் கூடும். அந்தப் பக்கம் காடு, போக முடியாது.

ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். இருநூறு கிலோமீட்டர் ஓடிக் கரூர்ப் பக்கம் வரை பாய்கிற வாய்க்கால் அது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் அதை நம்பி இருக்கிறது. பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போகத் தேக்கம் சுருங்கும். மாசி, பங்குனியில் மீன் நெருங்கி நிற்கும், வலை கனக்கும், விலை இறங்கும். நல்ல பெரிய கட்லா வேண்டும் என்பவர்கள் அந்த மாதங்களில் வருவது நல்லது.

மழை பொய்த்துத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகிற ஆண்டு வேறு கதை. சில வாரங்கள் மீன் குவியும், பிறகு ஒன்றுமே இருக்காது. 2016ஆம் ஆண்டின் பருவமழைகள் ஏமாற்றியபோது, அடுத்த கோடையில் எங்கள் அடுப்பு பல நாள் எரியவில்லை. வறட்சி என்றால் விவசாயிக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். வலைக்காரரும் மீன் கடைக்காரரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். இவர்களுக்கு நிவாரணம் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைவு.

தண்ணீர் வற்றினால் உள்ளே ஒரு கோயில் தெரியுமாமே?

தெரியும். அணை கட்டும்போது டணாய்க்கன் கோட்டை என்ற பழைய ஊர் தண்ணீருக்குள் போனது. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனின் தண்டநாயகராக, அதாவது படைத்தலைவராக இருந்த மாதவ தண்டநாயகரோடு தொடர்புடைய கோட்டை அது. அங்கிருந்த மாதவப் பெருமாள் கோயிலின் கல் கட்டடம் கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது வெளியே வரும். அந்த ஊர்க்காரர்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்கள் கடைக்குச் சாப்பிட வருகிறார்கள். கோயில் தெரிகிறது என்ற செய்தி பரவியதும் கூட்டம் வரும், எங்களுக்கு வியாபாரமும் நடக்கும். ஆனால் கோயில் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இல்லை என்றால் வாய்க்கால் கடைமடையில் ஒருவர் நிலத்தைத் தரிசாகப் போட்டிருக்கிறார் என்று பொருள். அந்த வியாபாரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் மகிழ்ச்சி இருந்ததில்லை.

வஞ்சிரம், நண்டு, இறால் ஏன் வைப்பதில்லை?

கேட்காத ஞாயிறு கிடையாது. கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குக் கேரளக் கரையிலிருந்தும் இராமேசுவரம், தூத்துக்குடி பக்கமிருந்தும் லாரி லாரியாகக் கடல்மீன் வருகிறது. வாங்கி வந்து ஐஸ் பெட்டியில் வைத்தால் விற்காமல் போகாது. அப்பா ஒருமுறை அப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அம்மா மறுத்துவிட்டார். கண்ணெதிரே தண்ணீரும் மீனும் இருக்க, கடலைக் காட்டி ஏன் விற்க வேண்டும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். அந்த நாட்களில் கடல்மீன் விலை ஏறுவதால் நகரத்துக்காரர்கள் அணைமீனைத் தேடி வருகிறார்கள். முதல்முறை வேறு வழியில்லாமல் வந்தவர்களில் சிலர் பிறகு எல்லாப் பருவத்திலும் வருகிறவர்களாக ஆகிவிட்டார்கள்.

அணைமீனில் சேற்று வாடை அடிக்குமே, உங்கள் கடையில் அடிப்பதில்லை. என்ன செய்கிறீர்கள்?

அந்த வாடை சேற்றால் வருவதில்லை. தண்ணீரில் வாழும் சில நுண்ணுயிர்களும் பாசிகளும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. அது மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்கிறது. புளிப்பு பட்டால் அதன் வீச்சம் குறையும்.

அம்மிச்சி காலத்தில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது, முறை தெரியும். செதிலைச் சுரண்டி, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலை முழுவதும் உரித்து எடுத்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவ வேண்டும். பிறகு நீர்த்த புளிக்கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்து மீண்டும் அலச வேண்டும். வீட்டில் பலரும் விட்டுவிடுவது அந்தக் கறுப்புத் தோலைத்தான். மஞ்சள் ஈரோட்டு மஞ்சள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் பக்கத்திலேயே விளையும்போது வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

குழம்பின் செய்முறையைச் சொல்வீர்களா?

தாராளமாகச் சொல்வேன். மறைத்து வைத்த சமையல் ஆக்கியவரோடு போய்விடும்.

வரக்கொத்தமல்லிதான் தலைமை. அதோடு வரமிளகாய், சீரகம், கொஞ்சம் மிளகு, ஒரு கை சின்ன வெங்காயம், பூண்டு. எல்லாவற்றையும் கடலெண்ணெயில் தனித்தனியாக வதக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் மல்லி கருகும், வெங்காயம் பச்சையாக நிற்கும். கடைசியில் தேங்காய்த் துருவலைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்கி, மையாக அரைக்க வேண்டும். மண்சட்டியில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, முழுச் சின்ன வெங்காயம் தாளித்து, புளிக்கரைசல் ஊற்றிப் பச்சை வாடை போகக் கொதித்ததும் அரைத்ததைச் சேர்க்கலாம். எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீன். மீன் போட்டபின் கரண்டி படக்கூடாது. சட்டியைப் பிடித்து மெல்ல ஆட்டினால் போதும். மாங்காய்க் காலமானால் இரண்டு துண்டு மாங்காய் போட்டுப் புளியைக் குறைப்போம்.

பட்டை, கிராம்பு, சோம்பு எதுவும் எங்கள் குழம்பில் கிடையாது. மசாலா வாசனை மீனை மூடிவிடும். சோற்றுக்கு நன்றாக இருக்கும், ராகிக் களிக்கு இன்னும் நன்றாக இருக்கும். முதல்நாள் குழம்பு வேண்டும் என்று கேட்டு வருகிற பெரியவர்களுக்காகத் தனியாக ஒரு சட்டி எடுத்து வைக்கிறோம்.

வறுவலுக்கு நிறப்பொடி சேர்ப்பீர்களா?

இல்லை. மிளகாயின் நிறம் எவ்வளவோ அவ்வளவுதான்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று பயமுறுத்துகிறார்களே, உங்கள் கெளுத்தி எது?

நாங்கள் வாங்குவது ஆற்றில் விளையும் நாட்டுக் கெளுத்தி. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவும் விற்கவும் தடை இருக்கிறது. காரணம் நியாயமானது. கிடைக்கிற மீனையெல்லாம் விழுங்கும் அந்த மீன் வெள்ளத்தில் தப்பி ஆற்றில் கலந்துவிட்டால் நாட்டு மீன்களுக்கு வாழ்வில்லை. ஐயம் இருந்தால் வெட்டுவதற்கு முன் முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் கடையில் மட்டுமல்ல, எங்கே சாப்பிட்டாலும் கேளுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவந்திருக்க வேண்டும், கண் தெளிந்திருக்க வேண்டும், விரலால் அழுத்திய இடம் குழியாமல் எழும்ப வேண்டும்.

கொங்கு நாட்டில் வேறு எங்கே இப்படி நீர்க்கரையில் மீன் சாப்பிடலாம்?

கோபிசெட்டிபாளையம் பக்கம் கொடிவேரி அணைக்கட்டு. எங்கள் அணையைத் தாண்டிய பவானிதான் அங்கே விரிந்து விழுகிறது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றுகொண்டே வறுவல் சாப்பிடுகிற இடம் அது. வால்பாறை போகும் வழியில் ஆழியாறு. காவிரியில் மேட்டூர், அங்கே முனியப்பன் கோயிலுக்கு வருகிறவர்களால் மீன் கடைகள் களைகட்டும். ஒவ்வோர் இடத்திலும் குடும்பமாக நடத்துகிற கடைகள் இருக்கின்றன. அவர்களை நாங்கள் போட்டியாக நினைத்ததில்லை.

நொய்யல் கரையில் ஏன் அப்படி ஒரு கடைகூட இல்லை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் திருப்பூர்க்காரர். எனக்கு மனம் கனத்துவிட்டது.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்காகத் திறந்தார்கள். சாயப்பட்டறைக் கழிவு அங்கே வந்து தேங்கியது. பயிருக்கு உயிர் தர வேண்டிய தண்ணீர் நிலத்தை உப்பாக்கியது. அந்த அணையின் தண்ணீரே வேண்டாம் என்று கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவைச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓர் அணை மீன் தருவதற்குத் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கிற சாட்சி அது. அந்தக் கரையிலும் ஓர் அம்மிச்சி அடுப்பு மூட்டியிருக்க முடியும். பவானியில் கழிவு கலக்கிறது என்று யாராவது குரல் எழுப்பினால் கடையை மூடிவிட்டு அந்தக் கூட்டத்தில் போய் உட்காருவது எங்கள் வீட்டு வழக்கம்.

புரட்டாசியில் கடை உண்டா?

உண்டு, ஆனால் சின்ன அளவில். சனிக்கிழமைகளில் மூடிவிடுவோம். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் அதிகம் என்பதால் அப்போதும் கூட்டம் குறையும். அடுப்பைப் பூசுவதும் கூரையைச் சரிசெய்வதும் அந்த நாட்களில்தான்.

ஆடிப்பெருக்குக்கு வந்தால் இடம் கிடைக்குமா?

ஆடி 18 அன்று பொதுமக்களை அணையின் மேலே விடுவது பவானிசாகரின் வழக்கம். மற்ற நாட்களில் பூங்காவோடு சரி. அதனால் அன்று சுற்றியுள்ள ஊர்களே திரண்டு வரும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து மீன் வறுவல் மட்டும் வாங்குகிற குடும்பங்கள்தான் அதிகம். கடைக்குள் உட்கார இடம் கிடைப்பது அரிது. வயதானவர்களை அழைத்து வருகிறீர்கள் என்றால் முதல்நாளே சொல்லிவிடுங்கள், உள்கட்டில் பாய் விரித்துத் தருகிறோம்.

சாப்பிட்டுவிட்டு நீர்த்தேக்கத்தின் கரையோரம் நடந்து போகலாமா?

வேண்டாம். தேக்கத்தை ஒட்டிய காடு சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2013இல் அறிவிக்கப்பட்டது. கோடையில் யானைகள் கூட்டமாகத் தண்ணீருக்கு இறங்கும். வெயில் சாய்ந்தபின் பரிசல்காரர்களே அந்தப் பக்கம் போகத் தயங்குவார்கள். கைப்பேசியில் படம் எடுக்கக் குட்டி யானையை நோக்கி நடக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். பூங்காவுக்குள் இருங்கள்.

கோவையில் ஒரு கிளை திறக்கக் கூடாதா?

பணம் போட முன்வந்தவர்கள் உண்டு. ஆனால் காலையில் எடைமேடைக்கு வருகிற மீன் எங்கள் அடுப்புக்கும் பக்கத்துக் கடைகளுக்கும்தான் போதும். கிளை என்றால் வெளிமாநிலப் பண்ணை மீனை ஐஸில் வாங்கி, அணைமீன் என்று எழுதிப்போட வேண்டியிருக்கும். அதைச் செய்ய மாட்டோம். பிள்ளைகள் வளர்ந்து வேறு முடிவு எடுத்தால் அது அவர்கள் உரிமை. இளையவள் இப்போதே செவுளைப் பார்த்து மீன் பிடிபட்ட நேரத்தைச் சொல்கிறாள்.

நாங்கள் மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவீர்களா? எப்போது வர வேண்டும்?

தருவோம். எடை பார்த்து, வெட்டி, வறுப்பதற்கோ குழம்புக்கோ கூலி மட்டும் வாங்கிக்கொள்வோம். தலையையும் சினையையும் தனியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காதவர்களுக்கும் நாங்களே எடுத்துக் கொடுத்துவிடுவோம். புன்செய்ப் புளியம்பட்டி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் மூன்று ஊர்களிலிருந்தும் பஸ் இருக்கிறது. காலை பதினொன்றுக்கு முன்பே வந்துவிட்டால் மீனை நீங்களே பார்த்து எடுக்கலாம். மதியம் மூன்றுக்கு மேல் குழம்பு இருந்தால் துண்டு இருக்காது.